அவனுடைய நான்கு வருடங்கள்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முட்டி வலி தேவலையா?

வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்ததில் மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். உன் போனையும் அம்மா தன் போன் மாதிரி எடுத்துப் பார்ப்பாள். அதனால்தான் இந்த மெயில். பள்ளியின் கணினி அறையில் உட்கார்ந்து நீ மட்டும் படி.

நீ சொன்னபடியே செய்தேன். நாற்பத்தோரு இடங்களில் அனுபவம் இல்லை என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிப்பு முடிந்து வேலை தேட விசாவில் அனுமதித்த நாள்களில் இருபத்திரண்டுதான் மிச்சம். நாற்பத்திரண்டாவது விண்ணப்பத்தில் அண்ணனின் பழைய கம்பெனியையும், அவன் அங்கே இருந்த நான்கு வருடங்களையும் என் பெயருக்குக் கீழே போட்டேன். அந்த நான்கு வருடமும் நான் வீட்டில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் காலி இடத்தில் அவனுடைய வருடங்கள் அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தன.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். குழுத் தலைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஆங்கிலத்தில். நம் பேச்சில் எழுதுகிறேன். "ரத்த வங்கிக்கு மென்பொருள் எழுதினேன்னு போட்டிருக்கீங்க. ஒரே ரத்தப் பைய ரெண்டு நோயாளிக்கு ஒதுக்கிடாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?" ஒருநாள் சாப்பிடும்போது, நடுவில் உப்பு டப்பாவை வைத்து, உன்னையும் என்னையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லி அண்ணன் விளக்கினானே, அதையே சொன்னேன். உப்பு சிந்தியதைச் சொல்லவில்லை. "பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்கதான் இப்படிச் சொல்ல முடியும்" என்றார்.

மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. ஜன்னலைத் திறக்க முடியாது.

அண்ணனின் நோட்டுகள் வேண்டும். அவனுக்குத் தெரிந்தது எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும், சீக்கிரம். அவன் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பானா? இதற்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டாம்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முட்டி, உனக்கு வேலை கிடைத்த அன்று மட்டும் வலிக்கவில்லை. எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "என்ன வேலைன்னு கேக்கறாங்கடி. கம்ப்யூட்டர்னு சொன்னாப் போதும்ல?" என்றாள். போதும் என்றேன்.

நோட்டுகள் மூன்று இருக்கின்றன. போட்டோ எடுத்து அனுப்ப முடியாது. பாலத்தில் லாரி மோதிய அன்று அவனை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவன் பையை எடுக்கவில்லை. மாலை வரை மழையில் கிடந்தது. மை கலைந்திருக்கிறது. தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. நான் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். கடைசி பீரியட் எனக்கு வகுப்பு இல்லை.

முதல் நோட்டு, பக்கம் 12: "எதையும் திருத்துவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடு. ஒரே பதிவை இரண்டு குமாஸ்தாக்கள் திறந்திருக்கிறார்கள். இடப் பக்கம், இவர் பார்ப்பது. வலப் பக்கம், அவர் பார்ப்பது. ஒவ்வொரு நொடியாக இறங்கி வா. எந்த வரியில் இருவரும் வேறு வேறு உலகத்தில் இருக்கிறார்களோ, அங்கே..."

பயப்படாதே. அந்தக் கம்பெனியை மூடி இரண்டு வருடம் ஆகிறது. யார் போய் யாரை விசாரிக்கப் போகிறார்கள்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பற்றி நீ எழுதுவதே இல்லை.

இரண்டு பத்தி முறை பலித்துவிட்டது. நான்கு நாளாக மூன்று பேர் முட்டிக்கொண்டிருந்த பிழை. தாளை எடுத்துக் கோடு போட்டு இறங்கினேன். ஒன்பதாவது வரியில் கிடைத்தது. "நாலு வருஷம் சும்மா இல்ல" என்று தலைவி கூட்ட அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ அவர் பாராட்டியதாக நினைத்துத் திரும்பினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அறையில் கூட இருப்பவனுக்கு ‘அறிவிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எதையும் வாயால் சொல்ல மாட்டான், குளிர்பெட்டியில் ஒட்டுவான். இன்றைய அறிவிப்பு: "குக்கரை ஊற வைப்பது கழுவுவது ஆகாது." கீழே நான், "முயற்சி செய்வது தவறாகாது" என்று எழுதினேன். அந்தத் தாளை மட்டும் அவன் கிழிக்கவில்லை. இங்கே எனக்கு நண்பன் என்றால் அவன்தான்.

ஒரு கேள்வி. எங்கள் மென்பொருள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களில் ஓடுகிறது. ரத்த மாதிரிக்கு இடும் ஒரே எண் இரண்டு நோயாளிகளுக்குப் போய்விடுகிறது. எப்போதும் அல்ல, சில நாள்களில் மட்டும். இரண்டு பத்தியும் போட்டுப் பார்த்தேன், இருவரும் சரியாகத்தான் பார்க்கிறார்கள். இது மாதிரி அண்ணன் ஏதாவது எழுதியிருக்கிறானா?

உன் தம்பி


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

இருக்கிறது. இரண்டாவது நோட்டு, பக்கம் 61: "இருவரும் சரியாகப் பார்க்கிறார்கள் என்றால் பார்ப்பவர்களைச் சந்தேகப்படாதே. எண் கொடுப்பவரைச் சந்தேகப்படு. கொடுப்பவர் ஒருவர்தானா, இருவரா? இருவர் என்றால் அவர்களின் கடிகாரங்கள் ஒன்றாக ஓடுகின்றனவா? மூன்றாவது பத்தி போடு."

இது போதுமா என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நலம். நலம்தானே?

போதும். அதேதான். எண் கொடுக்கும் இயந்திரங்கள் இரண்டு. ஒன்றின் கடிகாரம் பதினோரு நொடி பின்தங்கியிருந்தது. அந்தப் பதினோரு நொடிக்குள் அந்த இயந்திரம் பழைய எண்ணை மறுபடி கொடுத்திருக்கிறது. தலைவி என் தோளைத் தட்டினார்.

ஆனால் அன்றிலிருந்து ஒன்று உறுத்துகிறது. ரத்த வங்கியில் ஒரே இயந்திரம்தான் இருந்தது. அவனே சொல்லியிருக்கிறான். இரண்டு கடிகாரங்களைப் பற்றி அவன் எதற்கு யோசித்தான்? யாருக்காக எழுதி வைத்தான்?

இங்கே நடைபாதையில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்குகள். நேற்றுக் காலை முதல் ஆளாக வந்தேன். எனக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே யாரும் இல்லை. பழுது என்றார் காவலாளி. இருக்கலாம். "அப்ப முதல்ல போனவர் யாரு?" என்று நான் கேட்டிருக்க வேண்டாம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மூன்றாவது நோட்டில் இருந்தும் அனுப்பு.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான். விடைத்தாள் திருத்திக் கண் எரிகிறது, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை. எனக்கு என்ன, எப்போதும்போல.

எதற்கு எழுதினான் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? எழுதியிருக்கிறது, அனுப்புகிறேன். கேள்விகளை மட்டும் தெளிவாக எழுது. எத்தனை இயந்திரம், யார் யார் எப்போது தொடுகிறார்கள், எல்லாம். அப்போதுதான் சரியான பக்கத்தைத் தேட முடியும்.

மூன்றாவது நோட்டில் இருந்து ஆறு பக்கங்கள் இணைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நலம்.

ஒரு புது ஆள் சேர்ந்திருக்கிறார். நம் பாஷை பேசுபவர். உயரமானவர்.

வேறொன்றும் இல்லை. இந்த முறை கேள்வியும் இல்லை.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனிலும் வானிலையைத்தான் பேசினாய்.

அண்ணனின் போனை நான் அணைக்கவில்லை, உனக்குத் தெரியும். கேஸ் இணைப்பு இன்னும் அந்த நம்பரில்தான் இருக்கிறது. சார்ஜ் போட்டு, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அதில் ஒரு செய்தி வந்தது.

"டேய், உயிரோட இருக்கியா? உன் தம்பிய இங்க பிடிச்சேன். நாலு வருஷத்த அப்படியே தூக்கிக் குடுத்திருக்க, பெரிய வள்ளல்தான். எனக்கும் ரெண்டு குடேன், முடி நரைக்குது. இப்படிக்கு, ஒட்டடை."

சீலிங் ஃபேனைத் துடைக்க ஸ்டூல் தேவைப்படாதவன் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பானே, அந்த ஒட்டடை. நீ எழுதிய உயரமானவர் இவர்தானா? நம்பரை நீ கொடுத்தாயா?

இருக்கேன்டா என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது?

அக்கா


ஜூலை 5

அக்கா,

நலம் விசாரிப்பதைப் பிறகு பார்ப்போம். நடந்தது இது.

ஒட்டடைதான் அந்த உயரமானவர். தலைவி அவரை என் மேசைக்கு அழைத்து வந்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில இருந்தவங்களாமே! சொல்லவே இல்ல?" அண்ணனுடையது அறுபது பேர்கூட இல்லாத கம்பெனி. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். மேசையில் இரண்டு பத்தி போட்ட தாள் கிடந்தது, அதைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "தெரியுமே. நல்லாவே தெரியும்" என்றார் தலைவியிடம்.

பிறகு காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில்:

"அவன் தம்பிதானே நீ? மூக்கே சொல்லுதே."

"ஆமாண்ணே."

"அவன் வருஷத்தைப் போட்டுக்கிட்டு வந்திருக்கே. அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"சரி, உங்க வீட்டு விஷயம். நான் வாயத் திறக்க மாட்டேன். அந்தப் பய எப்படி இருக்கான்? கம்பெனி மூடுனதோட தொடர்பு விட்டுப் போச்சு."

இயந்திரம் பாலை நுரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நின்றது.

"நல்லா இருக்கான்ணே" என்றேன்.

சொன்னதும் ஒரு நிம்மதி, அக்கா. வெட்கமாக இருக்கிறது. ஆனால் நிம்மதி. இங்கே ஒருவருக்கு அவன் நன்றாக இருக்கிறான். நம்பர் கேட்டார், கொடுத்தேன். அந்த எண் அணைந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். நான் எதையும் நினைக்கவில்லை.

உன் பதிலை அவர் என்னிடம் காட்டினார். நீ எழுதியதில் பாதியைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். "இருக்கேன்டா. உனக்கு எதுக்கு வருஷம்? உனக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு அடி கூடக் குடுத்தாச்சே." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது அண்ணன். அவன் நக்கல், அவன் நிறுத்தும் இடம். நீ அப்படிப் பேசுகிறவளே இல்லை.

அன்று அறைக்குப் போய் நீ அனுப்பிய எல்லாப் பக்கங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். மார்ச்சுக்கு முன் வந்தவற்றில் அவன் அவசரக்காரன், வாக்கியங்களைப் பாதியில் விடுகிறான். பிறகு வருபவற்றில் ஒரு வாக்கியம்கூடப் பாதியில் நிற்கவில்லை.

பக்கம் 61 யார் எழுதியது?

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

நான் எழுதியது.

இரண்டாவது நோட்டு முப்பத்தெட்டாம் பக்கத்தோடு முடிகிறது. மூன்றாவதை அவன் பிரிக்கவே இல்லை. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருக்கிறது.

முதலில் கலைந்த எழுத்துகளை நிரப்பத்தான் செய்தேன். ஒரு சொல் போயிருக்கும், அங்கே அவன் என்ன எழுதியிருப்பான் என்று யோசிக்க வேண்டும். அதற்கு அந்தக் கணக்கு புரிய வேண்டும். நான் கணக்கு டீச்சர்தானே. அவன் லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். அவன் எழுதிய ரத்த வங்கியை ஓட்டிப் பார்த்தேன். உடைத்தேன். சரி செய்தேன். ரத்த மாதிரி எண்ணைப் பற்றிய உன் கேள்வி வந்தபோது நோட்டில் விடை இல்லை. இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். விடை வந்துவிட்டது. அவன் குரலில் வந்தது. இரண்டு மணிகள் வெவ்வேறு நேரத்தில் அடிக்கும் பள்ளியில் பதினான்கு வருடம் வேலை பார்ப்பவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

உனக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சித்திரைக்குப் பிறகு அது உனக்காக இல்லை. கடைசி பீரியடின் அந்த நாற்பது நிமிடம் அவன் சாகவில்லை. மணி அடிக்கும். கதவைப் பூட்டுவேன். வீட்டுக்கு வருவேன். அவன் செத்திருப்பான்.

போன ஞாயிறு ஒட்டடை போன் செய்தார். துணிக்கு அடியில் இருந்து அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அம்மா கூடத்தில் இருந்தாள். "யாரு போனுடி அடிக்குது?" என்றாள். "என்னோடதும்மா" என்றேன். என் போன் அவள் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

எழுத்தில் நான் அவனாக இருந்துவிடலாம். குரலுக்கு என்ன செய்வேன்?

அவரிடம் சொல். நீதான் சொல்ல வேண்டும். வேலை போனாலும் சரி.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஈரத் துணிகள் நாற்காலி முதுகுகளில். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அவன் எங்கடா போனையே எடுக்க மாட்டேங்கறான்? அவ்ளோ பெரிய ஆளாயிட்டானா?"

"அண்ணன் செத்துட்டான்ணே."

ஒன்பது மாதத்தில் என் வாயில் இருந்து அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. உனக்கு இது தெரியுமா? அவன் போன அன்று எனக்குப் பரீட்சை. வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், வராதே என்று நீ சொன்னாய். நான் வரவில்லை. இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்கள் யார் என்று அறைத் தோழன் அறிவிப்பு கேட்டபோதுகூட ஒரு அக்கா மட்டும் என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எப்போ?"

"நவம்பர்ல."

"அப்ப எனக்குப் பதில் போட்டது?"

"அக்கா."

பிறகு நோட்டுகளைப் பற்றியும் சொன்னேன், எல்லாவற்றையும். இரண்டு பத்தி என்றதும் முகம் மாறியது. "அது அவன் கண்டுபிடிச்சதுன்னா நெனச்சீங்க? நான் சொல்லிக் குடுத்ததுடா. எனக்கு எங்க பழைய மேனேஜரம்மா சொல்லிக் குடுத்தாங்க. சுட்டுட்டு, தன் நோட்டுல ஞானி மாதிரி எழுதி வச்சிருக்கான் பாரு, நாயி." சிரித்தார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு உயரமானவர் தரையில் உட்கார்ந்து அழுதால் எங்கே கை வைத்துத் தேற்றுவது என்றும் தெரியவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

"ஆபீஸ்ல சொல்லாத. நான் சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். ஆனால் அந்த வாக்கியத்தை ஒருமுறை சொன்ன பிறகு, அவன் வருடங்களைப் போட்டுக்கொண்டு அந்த மேசையில் உட்கார முடியவில்லை. உயிரோடு இருப்பவனிடமிருந்து வாங்கியதுபோல் இவ்வளவு நாள் வைத்திருந்தேன்.

திங்கள் காலை தலைவியிடம் போனேன். ஒட்டடையை இதில் இழுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "அந்தக் கடிகாரப் பிழை? அது யாரு?"

"என் அக்கா. பள்ளியில கணக்கு டீச்சர்."

"உங்க வேலையில தப்பு இல்ல" என்றார். "ஆனா காகிதத்துல இருக்கற ஆள் நீங்க இல்லையே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குப் பிறகு முப்பது நாள் இங்கே இருக்கலாம். புதிய விண்ணப்பம் தட்டச்சு செய்திருக்கிறேன். அனுபவம்: ஆறு மாதம். அதையும் போடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

அம்மாவிடம் நீ சொல்கிறாயா? எனக்கு இன்னொரு வாக்கியத்துக்குத் தெம்பு இல்லை.

இனிமேல் பக்கங்கள் வேண்டாம். உன்னைப் பற்றி எழுது. நீயாக எழுது. ஆறு மாதத்தில் நீ எனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

தம்பி


செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இல்லை.

இந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு நேற்று மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்று தொடர்கிறேன். தூக்கம் இல்லை. வகுப்பில் ஒரு மாணவியை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பதினான்கு வருடத்தில் ஓங்கியதே இல்லை. உன்னை வராதே என்று சொன்னதற்குக் காரணம், அவனை எந்தக் கோலத்தில் இறக்கினார்கள் என்று நீ பார்க்க வேண்டாம் என்பதுதான். நான் பார்த்தேன். அதை நான் யாரிடமும் பகிரவில்லை. உன்னிடமும் இப்போது முடியவில்லை. நேரில் முடியலாம்.

அம்மாவிடம் சொன்னேன். வேலை, வருடங்கள், நோட்டு, போன், எல்லாம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. நான் முடித்ததும், "அன்னிக்கு அலமாரியில அடிச்சுதே, அப்பவே தெரியும்" என்றாள். "பேசுனா அவன் போன் அடிக்கறது நின்னுருமோன்னு பயந்துட்டு நான் கேக்கல."

தம்பி அங்கேயே வேறு வேலை தேடட்டுமா, முப்பது நாளில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். அவள் கீரைத் தண்டுகளைத் தாளில் சுருட்டினாள்.

"அவன் இஷ்டம். ஆனா எங்கிட்ட கேட்டா, வரட்டும். ஒருத்தன நாலு பேரு தூக்கிட்டு வந்து போட்டாங்க. இவனாவது தன் கால்ல நடந்து வரட்டும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூட நான் நிரப்பவில்லை.

உன் அக்கா